ஜீப்புக்கு ஒரு ரேடியேட்டர் வேண்டும்

பழைய மஹிந்திரா ஜீப்புக்கு ரேடியேட்டர் கேட்டு உதிரிபாகக் கடையில் போய் நின்றால், வண்டி எந்த வருஷத்து மாடல் என்பதைக் கடைக்காரர் பெரிதாகக் காதில் வாங்க மாட்டார். "அண்ணே, உள்ள என்ன இன்ஜின் கெடக்கு?" என்பதே அவருடைய முதல் கேள்வியாக இருக்கும். வெப்ப இயக்கவியல் படித்த பொறியாளரும் அந்த இடத்தில்தான் தொடங்குவார். எவ்வளவு வெப்பத்தை, எந்தக் காற்றில், என்ன வேகத்தில் கொட்ட வேண்டும் என்று தெரியாமல், கடையில் தொங்கும் எந்த ரேடியேட்டரையும் பொருத்தமானது என்று சொல்லிவிட முடியாது.

நம் ஊர் ஜீப்புகளில் அந்த முதல் கேள்விக்கு விடை சொல்வதே சிக்கல். இரண்டாம் உலகப் போருக்காக 1941இல் வில்லிஸ் நிறுவனம் எம்பி என்ற வண்டியைச் செய்யத் தொடங்கியது. அதே வடிவை ஃபோர்டும் ஜிபிடபிள்யூ என்ற பெயரில் செய்தது. இரண்டும் சேர்த்துப் போர் முடிவதற்குள் ஏறத்தாழ ஆறரை லட்சம் வண்டிகள். உள்ளே இருந்தது 2,199 சிசி பெட்ரோல் இன்ஜின், 60 குதிரைத்திறன். போருக்குப் பின் மஹிந்திரா நிறுவனம் வில்லிஸ் வண்டிகளைப் பம்பாயில் கோத்து விற்கத் தொடங்கியது. 1953இல் அமெரிக்காவில் வந்த வில்லிஸின் சிஜே-3பி மாடலில் காற்றும் பெட்ரோலும் நுழையும் வால்வுகளை இன்ஜினின் தலைப்பகுதிக்கு ஏற்றினார்கள். இன்ஜின் உயரமானது. அதை மூட பானட்டையும் உயர்த்த வேண்டியதாயிற்று. நெற்றி மேடிட்ட அந்த முகம்தான் தாசில்தார் ஜீப்பாகவும் போலீஸ் ஜீப்பாகவும் எஸ்டேட் ஜீப்பாகவும் நமக்குப் பழகிப்போனது.

பிறகு டீசல் வந்தது. பிரான்ஸின் பியூஜோ நிறுவனத்திடம் உரிமம் பெற்றுச் செய்த 2,112 சிசி டீசல் இன்ஜின் எம்எம் 540 போன்ற வண்டிகளில் ஏறியது. அதற்கும் பின்னால் 2,523 சிசி டீசல். பெட்ரோல் ஜீப் வைத்திருந்தவர்கள் சும்மா இருப்பார்களா? பழைய இன்ஜினைக் கழற்றி எறிந்துவிட்டு டீசலை இறக்கினார்கள். இதனால் இன்று கைமாறும் பழைய ஜீப் பலவற்றில் உடம்பு ஒரு காலம், இன்ஜின் இன்னொரு காலம், ரேடியேட்டர் இரண்டுக்கும் ஒட்டாத மூன்றாவது காலம். இன்ஜினிலிருந்து நீர் வெளியேறும் வாய் இடப்பக்கம் இருக்க, ரேடியேட்டரின் வாய் வலப்பக்கம் இருக்கும். நடுவில் ஒரு ஹோஸ் குறுக்கே வளைந்து ஃபேன் பெல்ட்டை உரசிக்கொண்டு கிடக்கும். விசிறியின் மையம், டியூப்களும் தகடுகளும் சேர்ந்த ரேடியேட்டரின் உடலான கோரின் மையத்துக்கு நான்கு விரற்கடை கீழே நிற்கும். வண்டி ஹீட் ஆகாமல் என்ன செய்யும்?

கணக்கை இன்ஜினிலிருந்து தொடங்குவோம். எரிகிற பெட்ரோலின் ஆற்றலில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குவரைதான் உருப்படியான வேலையாக மாறுகிறது. ஏறத்தாழ அதே அளவு புகைக்குழாய் வழியே போய்விடுகிறது. மீதியில் பெரும்பகுதி சிலிண்டர் சுவர்களைத் தாண்டி நீருக்கு வருகிறது. ஆகவே மனக்கணக்குக்கு ஒரு விதியை வைத்துக்கொள்ளலாம்: இன்ஜின் எவ்வளவு வேலை செய்கிறதோ, கிட்டத்தட்ட அவ்வளவு வெப்பத்தை ரேடியேட்டரும் வெளியே தள்ள வேண்டும். 60 குதிரைத்திறன் என்பது 45 கிலோவாட். ரேடியேட்டரின் பங்கை 40 கிலோவாட் என்றே வைத்துக்கொள்வோம். குளியலறையில் மாட்டும் 2 கிலோவாட் கீசர்கள் 20ஐ ஒரே நேரத்தில் போட்டால் வரும் வெப்பம் அது.

இந்த வெப்பத்தைச் சுமப்பதற்கு இருப்பது மொத்தமே சுமார் 10 லிட்டர் நீர். ரேடியேட்டரின் மேல் டேங்கில் விழும் நீர் டியூப்கள் வழியே கீழ் டேங்குக்கு இறங்குவதற்குள் 7 டிகிரி குளிர்கிறது என்றால், நிமிடத்துக்கு 80 லிட்டருக்கு மேல் ஓட வேண்டும். அதாவது வண்டியில் உள்ள அத்தனை நீரும் ஏழெட்டு நொடிக்கு ஒருமுறை இன்ஜினையும் ரேடியேட்டரையும் சுற்றி வந்துவிடுகிறது. காற்றின் பக்கம் பார்த்தால், கோரைக் கடக்கும்போது காற்று 30 டிகிரி சூடேறுவதாகக் கொண்டால் நொடிக்கு 1.3 கிலோ காற்று வேண்டும். பருமனில் ஒரு கன மீட்டருக்கும் மேல். 45 சென்டிமீட்டர் சதுர முகம் உள்ள கோரில் அது நொடிக்கு ஐந்தரை மீட்டர், மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் நுழைந்தாக வேண்டும். வண்டி 20 கிலோமீட்டரில் போனால் போதும் என்று இதற்குப் பொருளல்ல. கிரில்லும் கோரும் தடுப்பதால் எதிர்க்காற்றின் வேகத்தில் ஒரு சிறு பங்குதான் உள்ளே நுழைகிறது. மிச்சம் வண்டியைச் சுற்றிக்கொண்டு ஓடிவிடுகிறது.

நீர் சுலபமாக வெப்பத்தை வாங்கும், சுலபமாகக் கொடுக்கும். ஓடும் நீருக்கும் டியூப் சுவருக்கும் இடையிலான வெப்பக் கடத்தலை ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு இத்தனை வாட் என்று அளந்தால் ஆயிரக்கணக்கில் வரும். காற்றின் பக்கம் அதே அளவு நூறைத் தொடுவதே அபூர்வம். ரேடியேட்டரின் வடிவம் முழுக்க இந்த ஏற்றத்தாழ்வைச் சரிக்கட்டுவதற்காகவே உருவானது. காற்று சோம்பேறி என்பதால் அதற்கு மேற்பரப்பை அள்ளிக் கொடுக்க வேண்டும். டியூப்களுக்கு இடையே மடித்து மடித்து வைத்திருக்கும் மெல்லிய தகடுகளின் வேலை அதுதான். பட்டறையில் அவற்றை ஃபின் என்பார்கள். இந்தப் பாடத்தை முதலில் கண்ணுக்குத் தெரியும்படி செய்துகாட்டியவர் வில்ஹெல்ம் மேபாக். 1901ஆம் ஆண்டின் 35 குதிரைத்திறன் மெர்சிடஸ் காருக்கு அவர் செய்த தேன்கூட்டு ரேடியேட்டரில் 6 மில்லிமீட்டர் சதுரத் துளை கொண்ட 8,070 குழல்கள் இருந்தன. அவற்றுக்குள் ஓடியது காற்று. வெளியே சூழ்ந்திருந்தது நீர். அதற்கு முந்தைய வண்டிகள் வெறுமனே அதிக நீரைச் சுமந்து சமாளித்தன. மேபாக் நீரைக் குறைத்து, காற்று தொடும் பரப்பைப் பெருக்கினார்.

இது புரிந்துவிட்டால், பழைய வண்டிப் பிரியர்கள் கூடும் இடமெல்லாம் நடக்கும் செம்பா அலுமினியமா என்ற சண்டை பாதி அடங்கிவிடும். செம்பின் வெப்பக் கடத்துதிறன், ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு இத்தனை வாட் என்ற கணக்கில், சுமார் 400. அலுமினியக் கலவைகள் அதில் பாதிக்கும் கீழே. "செம்புதான் சார் குளிரும்" என்று சொல்பவர்கள் இந்த எண்ணைத்தான் நம்புகிறார்கள். ஆனால் பழைய ரேடியேட்டரில் நீர் ஓடும் டியூப் செம்பு அல்ல, பித்தளை. அதன் கடத்துதிறன் 110 அளவுதான். அதனாலும் ஒன்றும் கெட்டுப்போவதில்லை. டியூபின் சுவர் 0.15 மில்லிமீட்டர் தடிமன்; அதைத் தாண்டுவதற்கு வெப்பம் படும் பாடு, காற்றுக்குள் நுழையப் படும் பாட்டில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்குமா என்பது சந்தேகம். சுவர் எந்த உலோகம் என்பதைவிட ஃபின் எவ்வளவு பரப்பு, அதன் நடுவே எவ்வளவு காற்று என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது.

அப்படியானால் கார்க் கம்பெனிகள் ஏன் அலுமினியத்துக்குப் போயின? எடை, விலை. செம்பின் அடர்த்தியில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை அலுமினியத்துக்கு. இன்னொரு காரணமும் உண்டு. பித்தளை டியூப் மெல்லியது. அதை அகலமாகச் செய்தால் உள்ளழுத்தத்தில் வயிறு உப்பிவிடும். அதனால் அரை அங்குலம், ஐந்தெட்டு அங்குலம் அகலத்தில் குறுகிய டியூப்களைச் செய்து, மூன்று வரிசை, நான்கு வரிசை என்று ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினார்கள். அலுமினியத்தில் சுவரைச் சற்றுத் தடிமனாக்கி ஓரங்குல அகல டியூப் செய்ய முடிகிறது. ஃபின்னை உலையில் வைத்து டியூபோடு ஒரே உடம்பாக இணைக்கவும் முடிகிறது. பித்தளைக் கோரில் இருப்பதுபோல் நடுவில் ஈயப்பற்று இல்லை. ஆகவே இரண்டு வரிசை அலுமினியக் கோர், நான்கு வரிசைப் பித்தளைக் கோருக்கு ஈடுகொடுக்கும் என்று கடைக்காரர் சொன்னால் அவர் கதை விடவில்லை.

வரிசைகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. வண்டி ஹீட் ஆனால் மூன்று வரிசைக் கோரை நான்காக்கு, நான்கை ஐந்தாக்கு என்பது நம் பட்டறைகளின் வழக்கமான மருந்து. முதல் வரிசையைத் தொடும் காற்று 40 டிகிரி என்றால் கடைசி வரிசைக்குப் போகும்போது அது 65, 70 டிகிரியாகச் சூடேறியிருக்கும். 90 டிகிரி நீரிலிருந்து அதனால் எவ்வளவு வெப்பத்தை வாங்க முடியும்? கோர் தடிக்கத் தடிக்கக் காற்றுக்குத் தடையும் கூடுகிறது. அதே விசிறி இப்போது குறைந்த காற்றையே இழுக்கிறது. ஒரு கட்டத்துக்கு மேல் தடிமனைக் கூட்டுவதில் லாபம் தேய்ந்துகொண்டே போகும். இடம் இருந்தால் கோரின் முகத்தை அகலமாக்குவதும் உயரமாக்குவதும்தான் உண்மையான ஆதாயம். ஜீப்பின் கிரில்லுக்குப் பின்னால் அந்த இடம் கொஞ்சம்தான் என்பது வேறு விஷயம்.

ஃபின் நெருக்கமும் அப்படியே. தார்ச்சாலையில் ஓடும் காருக்கு ஃபின்களை நெருக்கி நெருக்கி அடுக்கலாம். சேற்றிலும் புல்லிலும் இறங்கும் வண்டிக்கு அது ஆகாது. ஓடையைத் தாண்டும்போது தெறிக்கும் சேறு, புல்விதை, பூச்சி எல்லாம் அந்த இடுக்கில் போய் ஒட்டிக் காய்ந்துவிடும். முன்னால் பார்த்தால் சுத்தமாகத் தெரியும். பின்னாலிருந்து டார்ச் அடித்தால் வெளிச்சம் வராது. காட்டு வேலைக்கு ஓரங்குலத்துக்கு 10, 12 ஃபின் கொண்ட கோரே மேல் என்பது என் கட்சி. அதைப் பின்பக்கமிருந்து முன்பக்கமாகத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவவும் முடியும்.

இனி ஊர்க் கணக்கு. ரேடியேட்டர் வெளியேற்றும் வெப்பம், நீரின் வெப்பநிலைக்கும் வெளிக்காற்றின் வெப்பநிலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு நேர்விகிதம். வில்லிஸ் ஜீப் பிறந்த ஓஹையோ மாநிலத்து டொலிடோவில், 25 டிகிரி பகலில், 90 டிகிரி நீருக்கு வித்தியாசம் 65. மே மாதத்து வேலூரில் 42 டிகிரி என்றால் அதே வித்தியாசம் 48. ரேடியேட்டரில் எந்தக் கோளாறும் இல்லாமலே அதன் திறனில் கால் பங்குக்கு மேல் காணாமல் போய்விட்டது. புத்தகத்தில் போட்டிருக்கும் அளவிலேயே ரேடியேட்டர் வாங்கிப் பொருத்திய பிறகும் சித்திரை வெயிலில் வெப்பநிலை காட்டும் முள் ஏறுவதற்கு இது ஒன்றே போதும். குளிர்சாதனம் மாட்டியிருந்தால் இன்னும் மோசம். அதன் கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் உட்கார்ந்து, வரும் காற்றை முன்கூட்டியே சூடாக்கி அனுப்புகிறது.

மலை ஏற்றம் இன்னொரு வகைச் சோதனை. போடியிலிருந்து போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகள், கொல்லிமலைக்கு 70. தேனி மாவட்டத்திலிருந்து இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும் ஜீப் இரண்டாம் கியரில் உறுமிக்கொண்டு ஏறும்போது இன்ஜினின் முழுத் திறனும் தேவைப்படாமல் இருக்கலாம். ஆனால் எதிர்க்காற்று ஏறக்குறைய இல்லை. விசிறி மட்டுமே கதி. விசிறியோ வாட்டர் பம்பின் கப்பியோடு சேர்ந்து பெல்ட்டில் சுற்றுவது. இன்ஜின் வேகம் பாதியானால் காற்றும் பாதியாகும். பெல்ட் தளர்ந்து வழுக்கினால் அதுவும் போச்சு.

ரேடியேட்டருக்கும் விசிறிக்கும் இடையில் ஷ்ரவுட் என்ற தகட்டுக் கூடு ஒன்று இருக்க வேண்டும். இன்ஜின் மாற்றிய ஜீப்புகளில் அது அநேகமாக இருக்காது. புது இன்ஜினின் விசிறி இடம் மாறியதால் இடிக்கிறது என்று யாரோ எப்போதோ கழற்றிப் போட்டிருப்பார்கள். கூடு இல்லாவிட்டால் விசிறி தன் வட்டத்துக்கு நேரே உள்ள கோரின் வழியாக மட்டும் காற்றை இழுக்கிறது. நான்கு மூலைகளும் சும்மா நிற்கின்றன. போதாததற்கு, பின்னால் தள்ளிய சூடான காற்றில் ஒரு பகுதி ஓரங்களைச் சுற்றிவந்து மறுபடி விசிறிக்குள்ளேயே நுழைகிறது. புது ரேடியேட்டருக்குக் காசு எண்ணி வைப்பதற்கு முன், தகடு வளைக்கிறவரிடம் ஒரு கூடு அடித்து வாங்கி மாட்டிப் பாருங்கள். சில வண்டிகளில் நோய் அதோடு தீர்ந்துவிடும்.

மின்விசிறி மாட்டிவிடலாமே என்று தோன்றும். டைனமோ வைத்த பழைய வண்டிகளில் அது வம்பு. டைனமோ குறைந்த சுழற்சியில் மின்சாரம் தருவது சொற்பம். மின்விசிறிக்கு அதிகம் தேவைப்படுவதும் அதே குறைந்த சுழற்சியில்தான். ஆல்டர்னேட்டருக்கு மாற்றிய வண்டி என்றால் யோசிக்கலாம்.

நீரைப் பற்றிப் பேசாமல் ரேடியேட்டரைப் பற்றிப் பேசி முடிக்க முடியாது. நம்மில் பலர் ஊற்றுவது போர்த்தண்ணீர். அதில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட் சூடேறினால் கார்பனேட்டாக மாறிப் படியும். சர்க்கரை, சாப்பாட்டு உப்பு போலல்லாமல் கால்சியம் கார்பனேட் சூட்டில் கரைதிறன் குறையும் பொருள். அதனால் எங்கே சூடு அதிகமோ அங்கேயே, சிலிண்டரைச் சுற்றியுள்ள நீர்ப்பாதையிலும் டியூப்களின் மேல் முனையிலும் அது படிகிறது. இந்த உப்புப் படிவின் வெப்பக் கடத்துதிறன் பித்தளையில் நூறில் ஒரு பங்கு அளவுதான். தட்டையான டியூபின் உள் இடைவெளியே ஏறத்தாழ 2 மில்லிமீட்டர். இரு பக்கமும் அரை மில்லிமீட்டர் படிந்தால் நீர்ப்பாதை பாதியாகிவிடும். ஒழுகும் ரேடியேட்டர் சீக்கிரம் அடைத்துக்கொள்வதன் காரணமும் இதில் இருக்கிறது. மூடிய சுற்றில் ஒருமுறை ஊற்றிய நீரிலுள்ள உப்பு ஒருமுறைதான் படியும். தினம் ஒரு லிட்டர் ஊற்றினால் தினம் ஒரு லிட்டர் நீரின் உப்பு உள்ளே தங்கும்.

நமக்கெல்லாம் பனியில் நீர் உறையும் கவலை இல்லை; அப்புறம் எதற்குக் கூலன்ட் என்று கேட்பவர்கள் உண்டு. கூலன்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் வெப்பத்தைச் சுமப்பதில் நீரைவிடச் சற்று மட்டம்தான். அதை ஊற்றுவது அதில் கலந்திருக்கும் துருத்தடுப்பு மருந்துகளுக்காக. இரும்பு, பித்தளை, ஈயம், அலுமினியம் என்று நான்கைந்து உலோகங்கள் ஒரே வெந்நீரில் கிடக்கும்போது அரிப்பு தானாக வரும். அதிலும் அலுமினிய ரேடியேட்டர் மாட்டிவிட்டுக் குளோரைடு நிறைந்த போர்த்தண்ணீர் ஊற்றினால் பொத்தல் விழுவது உறுதி. பித்தளை ரேடியேட்டருக்கு இன்னொரு பொறி இருக்கிறது. நீண்ட ஆயுள் கூலன்ட் என்று விற்கும் சில வகைகள் அலுமினியத்தைக் காக்கும் வகையில் செய்யப்பட்டவை. ஈயப்பற்றை அவை காப்பதில்லை. பற்று அரித்து வெள்ளையாகப் பூத்து டியூப் வாயை அடைக்கும். பித்தளை ரேடியேட்டருக்குச் செம்பு, பித்தளை, ஈயப்பற்று மூன்றுக்கும் ஏற்றது என்று டப்பாவில் போட்டிருக்கும் பழைய வகைக் கூலன்டையே கேட்டு வாங்கி, காய்ச்சி வடித்த நீரில் கலந்து ஊற்ற வேண்டும். எஸ்டேட் பாதையில் ஓடும் வண்டிக்கு, வழியில் கிடைத்த ஓடை நீரை ஊற்ற வேண்டி வரும் வண்டிக்கு, நான் பித்தளைக்கே கை தூக்குவேன். அது அதிகம் குளிர்விக்கும் என்பதற்காக அல்ல. தவறுகளை மன்னிக்கும், உடைந்தால் சின்ன ஊரிலும் பற்றவைக்க ஆள் இருக்கும்.

தெர்மோஸ்டாட் விஷயத்தில் நம் மெக்கானிக்குகளோடு எனக்குச் சண்டை உண்டு. வண்டி ஹீட் ஆனதும் முதல் வேலையாக, இன்ஜின் சூடேறும்வரை நீரை ரேடியேட்டருக்கு விடாமல் நிறுத்தும் அந்த வால்வைப் பிடுங்கித் தூக்கிப் போடுகிறார்கள். அதை எதிர்ப்பவர்கள் சொல்லும் காரணமும் சில நேரம் தவறு: "தண்ணி வேகமா ஓடினா ஆறுறதுக்கு நேரம் இருக்காது" என்பார்கள். வேகமாக ஓடும் நீர் ரேடியேட்டரில் குறைந்த நேரம் இருக்கும் என்பது சரி. ஆனால் அடிக்கடி திரும்பி வரும். மொத்தக் கணக்கில் ஓட்டம் கூடினால் வெப்ப வெளியேற்றம் கூடுமே தவிரக் குறையாது. தெர்மோஸ்டாட்டைக் கழற்றக் கூடாது என்பதற்குக் காரணங்கள் வேறு. காலையில் இன்ஜின் சூடேற நெடுநேரம் பிடிக்கும், சிலிண்டர் தேயும், எரியாத எரிபொருள் வழிந்து ஆயிலில் கலக்கும். தெர்மோஸ்டாட் தரும் சிறு தடை, இன்ஜினுக்குள் நீரின் அழுத்தத்தைச் சற்று உயர்த்தி வைத்து, சூடான மூலைகளில் நீராவிக் குமிழ் எழாமல் காக்கிறது. கெட்டுப்போயிருந்தால் மாற்றுங்கள். வெந்நீர்ப் பாத்திரத்தில் போட்டு வெப்பமானியோடு பார்த்தால் எந்த வெப்பநிலையில் திறக்கிறது என்பது வீட்டிலேயே தெரிந்துவிடும்.

ரேடியேட்டரின் மூடியும் அப்படி ஒதுக்கக்கூடிய சாமான் அல்ல. கடல்மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் நீர், 7,000 அடிக்கு மேல் இருக்கும் கொழுக்குமலையில் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். 7 பி.எஸ்.ஐ. அழுத்தம் பிடிக்கும் மூடி சரியாக அடைத்தால் கடல்மட்டத்தில் 111 வரை, அந்த மலையில் 106 வரை தாங்கும். ரப்பர் செத்த மூடியோடு மலை ஏறினால் ரேடியேட்டர்மேல் பழிபோட்டுப் பயனில்லை. அதற்காக இன்றைய காரின் 15 பி.எஸ்.ஐ. மூடியைத் தூக்கி மாட்டிவிடவும் கூடாது. 45 சென்டிமீட்டர் நீளம், 10 சென்டிமீட்டர் உயரம் உள்ள மேல் டேங்கின் ஒரு முகத்தில் 7 பி.எஸ்.ஐ. தரும் விசை சுமார் 220 கிலோ எடைக்குச் சமம். 15 என்றால் 470 கிலோவைத் தாண்டும். ஐம்பது வருஷத்து ஈயப்பற்று அதைத் தாங்கும் என்று எதிர்பார்ப்பது அநியாயம்.

இத்தனையும் பார்த்த பிறகும், தீப்பொறி நேரம் பின்தங்கவில்லை, ஹெட் கேஸ்கட் வழியே நீரில் குமிழ் வரவில்லை, பிரேக் பிடித்துக்கொண்டு இழுக்கவில்லை என்று உறுதியான பிறகும், குற்றவாளி ரேடியேட்டர்தான் என்றால் இன்ஜினைச் சூடேற்றி நிறுத்திவிட்டு, விசிறி நின்றபின் கோரின் முகத்தை அகச்சிவப்பு வெப்பமானியால் வரிவரியாக அளக்கலாம். நடுவில் குளிர்ந்த திட்டு தெரிந்தால் அந்த டியூப்களில் நீர் ஓடவில்லை. முதல் சிகிச்சை, மேல் டேங்கைக் கழற்றி ஒவ்வொரு டியூபிலும் மெல்லிய கம்பி விட்டுக் குத்தி எடுப்பது. நிறைய டியூப் அரித்திருந்தால் அது பலிக்காது. குத்தும்போதே பொத்தல் விழும்.

அடுத்தது மாற்று தேடுவது. சென்னைப் புதுப்பேட்டை, டெல்லி மாயாபுரி போன்ற பழைய சாமான் சந்தைகளில் ராணுவக் கழிவு வண்டிகளின் ரேடியேட்டர்கள் கிடைக்கும். பார்க்க முரட்டுத்தனமாக இருக்கும். உள்ளே எத்தனை டியூப் உயிரோடு இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ராணுவ வண்டி என்ற ஒரே காரணத்துக்காக நிசான் பேட்ரோல் வழிவந்த ஜோங்காவின் ரேடியேட்டரை ஜீப்பில் திணிக்கப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். ஜோங்காவில் இருந்தது ஆறு சிலிண்டர், ஏறத்தாழ 4 லிட்டர் பெட்ரோல் இன்ஜின். திறன் நிச்சயம் போதும், இடம் போதாது. பின்னாளைய மஹிந்திரா டீசல் வண்டியின் ரேடியேட்டர், அதே டீசல் இன்ஜின் இறக்கிய ஜீப்புக்குப் பொருந்த வாய்ப்பு அதிகம். தாங்கிகளை மட்டும் மாற்றி அடிக்க வேண்டியிருக்கும். பிளாஸ்டிக் டேங்க் வைத்த கார் ரேடியேட்டரை மட்டும் தொடாதீர்கள். ஏணிச் சட்டத்தில் உட்கார்ந்த பழைய ஜீப் மேடுபள்ளத்தில் முறுக்கிக்கொண்டே போகும். அந்த முறுக்கு, டேங்கைக் கோரோடு மடித்து இறுக்கிய விளிம்பை நெகிழ்த்திவிடும். வழியில் பிளந்தால் பற்றவைக்கவும் முடியாது.

பெரும்பாலான பழைய ஜீப்புகளுக்கு என் தீர்ப்பு வேறு: ரேடியேட்டரை வாங்காதீர்கள், கோரை மட்டும் மாற்றுங்கள். பட்டறையில் இரண்டு டேங்கையும் சூடுகாட்டி, ஈயத்தை உருக்கிப் பிரிப்பார்கள். ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்று 183 டிகிரியிலேயே இளகத் தொடங்கும்; பித்தளைக்கு அந்தச் சூட்டில் ஒன்றும் ஆகாது. அளவெடுத்துச் செய்த புதுக் கோரில் பழைய டேங்குகளை உட்காரவைத்து மறுபடி பற்றுவைப்பார்கள். பிறகு வாய்களை அடைத்து, தொட்டி நீரில் அமுக்கி, காற்றேற்றிக் குமிழ் வருகிறதா என்று பார்ப்பார்கள். மூடியில் எழுதியிருக்கும் அழுத்தத்தைவிடச் சற்றுக் கூடுதலாக ஏற்றச் சொல்லிப் பக்கத்தில் நின்று பாருங்கள். வாயின் இடம், தாங்கியின் துளை, ஹோஸின் விட்டம் எதுவும் மாறாது. இன்ஜின் மாறியிருந்தால், வாயை இடம் மாற்றிவைக்கவும் அதே பட்டறையில் அதே நாளில் சொல்லிவிடலாம். ஒரு விஷயம்: அந்த ஈயப் புகை வேலை செய்பவரின் ரத்தத்தில் ஏறும். ரேடியேட்டர் பட்டறைத் தொழிலாளர்களின் உடம்பில் ஈயம் சேர்வதைப் பல நாட்டு மருத்துவர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். காற்றோட்டம் உள்ள பட்டறையைத் தேர்ந்தெடுப்பது அவருக்கும் நல்லது, பக்கத்தில் நிற்கிற உங்களுக்கும் நல்லது.

புதிதாக மாட்டும்போது சட்டத்தோடு நேராக முடுக்காமல் ரப்பர் புஷ் வைத்து முடுக்குங்கள். டியூப்கள் டேங்கை ஒட்டிய தலைத்தகட்டில் சேரும் இடம் விரிசல் விடுவது பெரும்பாலும் ரப்பர் இல்லாத வண்டிகளில்தான். வடித்த பழைய கூலன்டைச் சாக்கடையிலோ தரையிலோ விடாதீர்கள். எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், நக்கும் நாய் பிழைக்காது. பட்டறைக்காரர் எடுத்துக்கொள்கிறாரா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் மூடிய கேனில் பிடித்து வையுங்கள். ஒருவேளை கோர் மாற்றாமல் முழு ரேடியேட்டரே புதிதாக வாங்கிவிட்டீர்கள் என்றாலும், பழையதைக் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். உங்கள் ஜீப்பின் அளவுக்குச் செய்த அந்த மேல் டேங்கும் தாங்கியும் அடுத்த முறை தேடினால் கிடைக்காது.